மோடத்தில் தொங்கிய சிவப்பு அட்டை

என் மகளுக்குக் காது கேட்காது. பிறவியிலிருந்தே அப்படித்தான். இதைச் சொன்னதும் 'உச்' கொட்டுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. அதனால் முதல் வரியிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். ராயபுரத்தில், துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குப் பத்திரம் தயார் செய்யும் ஓர் ஆபீசில் அவள் டேட்டா என்ட்ரி வேலை பார்த்தாள். அவள் விரல் ஓடும் வேகத்துக்கு ஆபீசில் வேறு ஆள் கிடையாது என்று முதலாளியே என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஆபரேட்டர். எம்.கே.பி. நகரில் வீடு. நான், மனைவி, மகள் என்று மூன்றே பேர்.

வீட்டில் எட்டு வருஷமாக டெலிபோன் இருந்தது. மகளைப் பொறுத்தவரை அது அலமாரியில் வைத்த பொம்மை. மணி அடிப்பதே நாங்கள் எழுந்து ஓடுவதைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரியும். பேசி முடிக்கும்வரை எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாள். யார், என்ன சொன்னார்கள் என்று கேட்பாள். பத்து நிமிஷப் பேச்சை நாங்கள் இரண்டு சைகையில் சுருக்கிச் சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவோம். அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

புது நூற்றாண்டு பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். காது கேளாதவர்களுக்கான விளையாட்டுப் போட்டி ஒன்றுக்குப் போய்வந்தவள், அங்கே எல்லோரும் இன்டர்நெட்டில்தான் பேசிக்கொள்கிறார்கள், எனக்கும் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. டெலிபோன் வயரைப் பிடுங்கி, மோடம் என்ற குட்டிப் பெட்டியில் செருக வேண்டும். அது கொஞ்ச நேரம் கத்தி ஓய்ந்ததும் இன்டர்நெட் வரும். முதல் நாள் சாயங்காலம் மகள் திரையைப் பார்த்துத் தட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று வாய்விட்டுச் சிரித்தாள். என்னவோ ஏதோ என்று என் மனைவி அடுப்படியிலிருந்து ஓடிவந்தாள். அறைக்குள் இல்லாத ஒருவர் சொன்ன பேச்சுக்கு எங்கள் மகள் சிரித்தது இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. காய்ந்த துணியை எடுக்கிற சாக்கில் பால்கனிக்குப் போய்விட்டேன்.

அவளைச் சிரிக்க வைத்தவன் திருச்சிக்காரன். அவனுக்கும் காது கேட்காது. அங்கே ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை. போட்டியில் பார்த்துப் பழகியிருக்கிறார்கள். நண்பன் என்றாள். நானும் நண்பன் என்றே வைத்துக்கொண்டேன். அவன் வேலை விட்டதும் பிரவுசிங் சென்டருக்குப் போய் எழுதுவான். இவள் வேலை விட்டு வந்து படித்துப் பதில் போடுவாள். ஒரு வருஷத்துக்கும் மேலாக அநேகமாகத் தினமும் இது நடந்தது. எல்லாக் கடிதமும் அந்த இலவச மெயில் பெட்டியிலேயே சேர்ந்துகொண்டு போயிற்று. பழையதையும் அடிக்கடி எடுத்துப் படித்துத் தனியாகச் சிரிப்பாள். செல்போன் எங்கள் வீட்டுக்கு வர இன்னும் காலம் இருந்தது. அவளுக்குப் போன், தபால், அரட்டை எல்லாமே அந்த ஒரு பெட்டிதான். அவனுடைய வீட்டு விலாசம்கூட அவளிடம் கிடையாது.

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்த கூத்து யாருக்கும் புரியாது. எங்கள் கம்பெனியில் எதையும் இஷ்டத்துக்குத் திறக்க முடியாது. ஒரு வால்வைத் தொடுவதென்றாலும் பெர்மிட் எழுதி, கையெழுத்து வாங்கி, அப்புறம்தான் தொடலாம். பழுது பார்க்கிற இடத்தில் சிவப்பு அட்டை ஒன்றைக் கம்பியால் கட்டித் தொங்கவிடுவோம். டேக் என்போம். 'இயக்காதே' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். கீழே மாட்டியவன் பெயரும் தேதியும் இருக்கும். மாட்டியவன் மட்டும்தான் அதைக் கழற்றலாம். மேனேஜரே வந்தாலும் கை வைக்கக் கூடாது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர், வேலை முடிந்திருக்கும் என்று தானாகவே நினைத்துக்கொண்டு, இன்னொருவர் மாட்டிய டேக்கைக் கழற்றி வால்வைத் திறந்துவிட்டார். குழாயின் மறுபக்கம் ஆள் இருந்தான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

அந்த டேக்கை நான் வீட்டுக்கும் கொண்டுவந்தேன். காரணம் மகள்தான். மற்ற பிள்ளைகளைத் தொடாதே என்று கத்தி நிறுத்தலாம். இவளை எப்படி நிறுத்துவது? கண்ணில் படும்படி ஏதாவது தொங்கினால்தான் உண்டு. ஷாக் அடிக்கிற சுவிட்ச், கசிகிற கேஸ் அடுப்பு என்று எல்லாவற்றிலும் டேக் தொங்கும். நாலு வயதிலேயே அவளுக்கு அந்தச் சிவப்புக்கு அர்த்தம் தெரியும். ஒரு தடவை மிக்ஸி வயர் பிய்ந்திருந்தது. டேக்கை மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் வயரை ஒட்டிக் கொடுத்த பிறகும், நான் வரும்வரை இவள் அம்மாவைத் தொடவிடவில்லை. மிக்ஸிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாளாம். அன்றைக்கு இட்லிக்குச் சட்னி கிடையாது. மனைவி என்னைத் திட்டித் தீர்த்தாள். எனக்கோ பெருமை தாங்கவில்லை.

கம்ப்யூட்டர் வந்த நாளிலிருந்தே அதற்கும் ஒரு லாக் புக் போட்டேன். கன்ட்ரோல் ரூமில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் எழுதுவோமே, அதே மாதிரி தேதி, நேரம், என்ன நடந்தது, என்ன செய்தேன், கையெழுத்து. கல்யாண மொய் நோட்டு மாதிரி எதுக்கு இது என்று மனைவி கேலி செய்தாள். நான் விடவில்லை. லீவு நாளில் நானும் அதன் முன் உட்கார்ந்து பேப்பர் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் சிவப்பு விளிம்பு போட்ட பெட்டி ஒன்று திரையில் குதித்தது. விட்டுவிட்டு மின்னியது. உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, யாரோ உளவு பார்க்கிறார்கள், சோதிக்க ஓகே அழுத்தவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எங்கள் கன்ட்ரோல் ரூமில் சிவப்பு விளக்கு மின்னி ஹூட்டர் அடித்தால், பார்த்துவிட்டேன் என்று முதலில் பொத்தானை அழுத்தி ஒப்புக்கொள்ள வேண்டும். அலாரத்தைக் கண்டும் காணாமல் இருப்பவனை அங்கே மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். எனக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம். கை தானாகப் போய் ஓகேவை அழுத்தியது. ஒரு நீலக் கோடு ஓடி நிறைந்தது. நன்றி என்று வந்தது. நானும் லாக் புக்கில் ஒழுங்காக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு வாரம் கழித்துச் சனியன் பிடித்தது. இன்டர்நெட்டைத் திறந்ததும் வருகிற முதல் பக்கம் தானாக மாறிப்போயிருந்தது. எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு தேடுகிற பக்கம். ஓரத்தில் அரைகுறை உடுப்போடு பெண்கள். பழையபடி மாற்றி வைத்தாலும் மறுபடி திறந்தால் அதுவே வந்து நின்றது. மேலே யாரும் கேட்காமலே புதிதாக ஒரு பட்டை முளைத்திருந்தது. மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, இத்தனை கலீஜான பொருளையா நடு வீட்டில் வைத்திருக்கிறோம் என்று கேட்டாள். வயசுப் பெண் உட்கார்கிற இடம். எனக்கு வந்த ஆத்திரத்தில் பெட்டியைத் தூக்கிக் கீழே எறிந்திருப்பேன்.

எங்கள் தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவரைக் கேட்டால், அதெல்லாம் வரும் போகும், கண்டுகொள்ளாதீர்கள் என்றார். கண்டுகொள்ளாமல் இருக்க நான் என்ன அவரா? நானே களத்தில் இறங்கினேன். பிரவுசரின் செட்டிங்கைத் துழாவியபோது நீளமான ஒரு பட்டியல் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வட்டம். ஒன்று அனுமதி, ஒன்று தடை, மற்றொன்று ஒவ்வொரு தடவையும் என்னைக் கேள் என்பது. பட்டியலில் இருந்த மற்ற வார்த்தை ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் இந்த மூன்றாவது வட்டத்தைப் பார்த்ததும் நம்ம ஆள் என்று தோன்றியது. அதுதானே பெர்மிட். எவன் வந்தாலும் கேட்டுவிட்டு உள்ளே வரட்டும். ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் 'கேள்' போட்டேன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் மகள் மெயில் திறக்க உட்கார்ந்தாள். இதை விடலாமா, அதை விடலாமா என்று பெட்டி மேல் பெட்டியாக வந்தது. ஒரு கடிதத்தைத் திறப்பதற்குள் முப்பது தடவை சரி அழுத்தியிருப்பாள். திரும்பி என்னைப் பார்த்துப் பெரிய கும்பிடு போட்டாள். பாதுகாப்பு என்றால் சும்மாவா என்று நான் சைகையில் சொன்னேன்.

அந்தப் பெட்டிகளில் குக்கீ, குக்கீ என்று அடிக்கடி வந்தது. அது என்ன கருமம் என்று தேடிப் போனால், அந்தப் பெயரில் ஒரு ஃபோல்டரே இருந்தது. திறந்தேன். நூற்றுக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் முதலில் என் மகளின் பெயர், பிறகு யாரோ ஒருவருடைய இணையப் பக்கத்தின் பெயர். போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் பெயரில் கோப்பு திறந்தால் என்ன அர்த்தமோ அந்த அர்த்தம்தான் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரை வாங்கியபோது அவள் பெயரைத்தான் அதில் பதிந்திருந்தோம், அதனால்தான் எல்லாவற்றிலும் அவள் பெயர் வருகிறது என்பது அன்று எனக்கு எப்படித் தெரியும்?

கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் செக்ஷனில் ஒரு தோஸ்து. என்னைவிட நாலைந்து வயசு சின்னவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவார். கேன்டீனில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்பைவேர் என்று பெயர் சொன்னார். சில ரகம் நாம் தட்டுகிற ஒவ்வோர் எழுத்தையும் பதிந்து வெளியே அனுப்பும், பாஸ்வேர்டு போய்விடும் என்றார். வருகிற ஞாயிற்றுக்கிழமை சிடி கொண்டுவந்து சுத்தம் செய்து தருகிறேன், அதுவரை பாஸ்வேர்டு எதையும் அடிக்காமல் இருந்தால் நல்லது என்றும் சொன்னார்.

கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது எனக்கு ஒரே யோசனை. டேங்கர் லாரிகள் வழியை அடைத்துக்கொண்டு நின்றதால் யோசிக்க நேரமும் நிறைய இருந்தது. உளவாளி என்று ஒருவன் இருந்தால் அவன் யார்? வெளியிலிருந்து எங்கள் பெட்டியோடு தினமும் தொடர்பு வைத்திருந்தவன் ஒருவன்தான். போன பொங்கலுக்கு, பானை பொங்கி வழிகிற மாதிரி ஆடுகிற வாழ்த்து அட்டை ஒன்றை அனுப்பியிருந்தான். அதைத் திறந்ததிலிருந்துதான் எல்லாம் கெட்டது என்று முடிவு கட்டினேன். முகம் தெரியாத ஒருத்தன் ஒரு வருஷமாக என் மகளிடம் அப்படி என்னதான் விசாரிக்கிறான்? இப்போது நினைத்தால் கூசுகிறது. என் பயத்துக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. கையருகே அவன் இருந்தான்.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து டேக்கை எடுத்தேன். என் பெயர், தேதி எழுதி மோடத்தின் வயரில் கட்டினேன். மகளை உட்காரவைத்து, திருடன் உள்ளே இருக்கிறான், பாஸ்வேர்டை எங்கேயும் அடிக்காதே, பிரவுசிங் சென்டரிலும் கூடாது, ஞாயிறு சரியாகிவிடும் என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் டேக்கையே பார்த்தாள். பிறகு ஒற்றை விரலைக் காட்டினாள். ஒரே ஒரு கடிதம், கொஞ்ச நாள் வர மாட்டேன் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாள். எங்கள் பெர்மிட்டில் ஒரே ஒரு தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை. கூடாது என்று தலையாட்டினேன். அவன்தான் திருடன் என்று நான் நினைத்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. அவ்வளவு தைரியம் எனக்கு இல்லை.

அந்த ஞாயிறு வரவே இல்லை. கம்பெனியில் வருஷாந்திரப் பராமரிப்பு தொடங்கிவிட்டது. ஷட்டவுன் என்போம். மொத்த ஆலையையும் நிறுத்தி, தொட்டி தொட்டியாகத் திறந்து கழுவிப் பூட்டுகிற வேலை. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், யாருக்கும் லீவு கிடையாது, சிடி தோஸ்துக்கும் சேர்த்துத்தான். இரண்டு வாரம் என்றார்கள். ஒரு தொட்டியில் விரிசல் கண்டதால் இழுத்துக்கொண்டே போயிற்று. வீட்டுக்கு வரும்போது என் மேல் அடிக்கிற வாடைக்கு மனைவி வாசலிலேயே சட்டையைக் கழற்றச் சொல்வாள். சாப்பிட்டதும் அப்படியே சாய்ந்துவிடுவேன். கண் மூடும் முன் அந்தச் சிவப்பு கண்ணில் படும். அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பிப் படுப்பேன்.

மகள் ஆபீசிலிருந்து வந்து, உடை மாற்றிக்கொண்டு, அணைந்த திரைக்கு முன்னால் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போவாளாம். இது நான் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. மூன்றாவது வாரம் என்று நினைக்கிறேன், நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு துண்டுத்தாளை நீட்டினாள். 'எப்போது?' என்று எழுதியிருந்தது. சோற்றுக் கையாலேயே பொறு என்று காட்டினேன். எரிச்சலாகத்தான் காட்டினேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

ஐந்தாவது வாரமும் கழிந்த பிறகு ஒரு நாள், குழம்பு ஊற்ற வந்த மனைவி ஊற்றாமல் நின்றாள்.

"உன் பொண்ணு ஒரு மாசத்துக்கு மேல யார் கூடவும் பேசல. தெரியுமா உனக்கு?"

நம்மிடம் பேசுகிறாளே என்றேன்.

"நம்மகிட்ட பேசறது ஒரு பேச்சாயா? துன்னியா, தூங்கினியா, அவ்ளோதான. அதுக்கு வாயே அந்தப் பொட்டிதான். நீ அத்தக் கட்டி வச்சிட்டு ஷட்டவுனு, தொட்டினு பேசிகினு கீற."

அவ்வளவு கஷ்டமாக இருந்தால் அவளே கழற்றி எறிந்துவிட்டு எழுதியிருக்கலாமே என்று முணுமுணுத்தேன். அதற்குத்தான் எனக்கு நன்றாகக் கிடைத்தது.

"நானே அறுத்துப் போடறேன்னு கத்தரிக்கோல எடுத்தேன்யா. கையப் புடிச்சி நிறுத்திடுச்சி. நைனா மாட்டினது, நைனாதான் கழட்டணும்னு காட்டுது. இன்னா பண்ணச் சொல்ற என்னை?"

சோறு இறங்கவில்லை. மறுநாளே தோஸ்தைப் பிடித்தேன். அந்த வாரத்தோடு ஷட்டவுன் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சிடியோடு வந்தார். திருச்சிக்காரன் மேலும் அவனுடைய வாழ்த்து அட்டை மேலும் எனக்கிருந்த சந்தேகத்தை முதலில் அவர் காதில் போட்டேன்.

போன் வயரைச் சேர்க்காமலே கம்ப்யூட்டரைப் போட்டு சிடியை ஓடவிட்டார். டேக் அதன் இடத்திலேயே தொங்கியது. திரையில் பெயர் பெயராக ஓடியது. நான் குக்கீ ஃபோல்டரைக் காட்டினேன். இதில் முக்கால்வாசி சாதுதான் அண்ணே, மறுபடி அந்தப் பக்கத்துக்குப் போனால் நம்மை அடையாளம் தெரிய வைத்துக்கொள்கிற சீட்டு என்றார். வேண்டாததை மட்டும் எடுத்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நிஜமான திருட்டுப்பயல் இவன்தான் என்று ஒரு பெயரைக் காட்டினார். அது உள்ளே வந்து உட்கார்ந்த தேதியும் நேரமும் பக்கத்திலேயே இருந்தது. மேஜை மேலிருந்த லாக் புக்கை எடுத்துப் பக்கம் புரட்டினார். எனக்கு அப்போதே புரிய ஆரம்பித்துவிட்டது. அதே தேதி, அதே மத்தியானம், என் கையெழுத்தில் இருந்தது: 'ஆபத்து என அலாரம் வந்தது. உடனே ஓகே அழுத்தப்பட்டது. நிலைமை சீர்.'

"அண்ணே, இது திருச்சிலேர்ந்துலாம் வர்ல. கதவத் தொறந்து வான்னு கூப்ட்டதே நீதான். கீழ கையெழுத்து வேற போட்டுகீற."

இருபத்தைந்து வருஷத்தில் ஒரு அலாரமும் என்னிடம் பொய் சொன்னதில்லை என்றேன்.

"நம்ம அலாரத்த நம்ம ஆளு வச்சான், நம்பலாம். இத்த எவன் வச்சான்னு தெரியாமலே அமுக்கிட்டியே."

அந்த வாழ்த்து அட்டை வழியாக எதுவுமே வரவில்லையா என்று கேட்டேன். அது வெறும் வாழ்த்து அட்டை என்றார். நான் போட்டு வைத்திருந்த 'கேள்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு நடுத்தரமான ஒரு அளவில் நிறுத்தினார். தெரியாத பெட்டி எது மின்னினாலும் ஓகேவை அழுத்தாதே, ஓரத்தில் இருக்கிற பெருக்கல் குறியை அழுத்தி மூடு என்று எனக்கு இரண்டு தடவை செய்து காட்டினார். காபி குடித்துவிட்டுப் போனார்.

நான் டேக்கைக் கழற்றினேன். மகள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். மோடம் கத்தி ஓய்ந்தது. பாஸ்வேர்டை அடித்தாள். திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. முப்பது நாட்களுக்கு மேல் திறக்கப்படாததால் இந்தப் பெட்டி மூடப்பட்டது, இதிலிருந்த கடிதங்கள் நீக்கப்பட்டுவிட்டன, விரும்பினால் புதிதாகத் தொடங்கலாம் என்று இருந்தது. அவள் இரண்டு தடவை படித்தாள். மறுபடி அடித்துப் பார்த்தாள். மறுபடியும் அதே அறிவிப்புத்தான்.

புதுசு ஒன்று தொடங்கிக்கொள்ளேன் என்று நான் சைகை காட்டினேன். முட்டாள்தனமாக முகத்தில் சிரிப்பையும் வைத்துக்கொண்டேன். அவள் என் லாக் புக்கையே எடுத்து, கடைசிப் பக்கத்தில் எழுதினாள். 'ஒரு வருஷம் அவன் பேசினது. நான் பேசினது. எல்லாம் போச்சு.' அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஏன் மறுபடி என்னை வந்து கேட்கவில்லை, ஏன் சட்டையைப் பிடித்து உலுக்கவில்லை என்று கேட்டேன். பேனாவை மறுபடி எடுத்தாள். 'டேக் மாட்டினவருக்குக் காரணம் தெரியும். தொடக் கூடாது, நம்பணும். சின்ன வயசிலேர்ந்து நைனா சொன்னது.'

ஆலையில் எத்தனையோ பேர் என் டேக்கை மதித்திருக்கிறார்கள். கழற்றினால் சம்பளம் போகும் என்பதால் மதித்தவர்கள்தான் அதில் பாதிப் பேர். இவள் ஒருத்திதான் என்னை நம்பி மதித்தவள். அவளுக்கு நான் இதைச் செய்துவிட்டேன்.

அவனுடைய மெயில் விலாசம் அவளுக்கு மனப்பாடம். அன்றைக்கே புதுப் பெட்டி திறந்து எழுதினாள். என்ன எழுதினாள் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கவும் எனக்கு முகமில்லை. திங்கட்கிழமை பதில் இல்லை. செவ்வாயும் இல்லை. வேலை விட்டு வந்ததும் வாசலிலிருந்தே புருவத்தை உயர்த்துவேன். அவள் உதட்டைப் பிதுக்குவாள். ஒன்றரை மாதம் ஒரு பெண் சொல்லாமல் கொள்ளாமல் பேச்சை நிறுத்தினால் எந்தப் பையனாக இருந்தாலும் என்ன நினைப்பான்? கழற்றிவிட்டாள் என்றுதான் நினைப்பான். ஆபீசுக்கு எடுத்துப் போன டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வந்தது. வியாழக்கிழமை மனைவி அதை என் முன்னால் திறந்து வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தேன். மகள் வந்து என் தோளைத் தட்டினாள். கையைப் பிடித்து இழுத்துப்போய் அவளுடைய நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள். திரையில் அவனுடைய கடிதம். நாளும் வந்து பார்த்து அலுத்துப்போய், இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு தடவைதான் பிரவுசிங் சென்டருக்கு வருகிறானாம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தான். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அடுப்படியில் இருந்த மனைவிக்கும் கேட்கட்டும் என்று வாய்விட்டே படித்தேன்.

'முதலில் இதைச் சொல். உன் அப்பா உயிரோடு இருக்கிறாரா? அவர் கெமிக்கல் கம்பெனியில் வேலை என்று நீ எழுதியிருந்தாய். உன்னிடமிருந்து பதில் வராததும் அங்கே ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் அச்சகத்துக்கு எல்லாப் பேப்பரும் வரும். தினமும் மணலி என்ற பெயர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை என்றால்தான் அன்றைக்குச் சாப்பிட்டேன். உன் அப்பாவின் கம்பெனிக்குப் போன் செய்து கேட்கச் சொல்லி முதலாளியிடம் கெஞ்சினேன். யார் என்று சொல்லிக் கேட்பது என்று அவர் செய்யவில்லை. எனக்குக் காது கேட்டிருந்தால் நானே செய்திருப்பேன்.'

கடைசி வரியை மறுபடி ஒரு தடவை படித்தேன். நான் அவனைத் திருடன் என்று நினைத்திருந்த அத்தனை நாளும், முன்பின் பார்த்திராத என் உயிருக்காக அவன் பேப்பர் பேப்பராகப் புரட்டியிருக்கிறான். மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மகள் பதில் எழுத நான் எழுந்திருப்பேன் என்று காத்திருந்தாள். நான் எழுந்திருக்கவில்லை. நான் எழுதுகிறேன் என்று சைகை காட்டினேன்.

வாழ்க்கையில் அதுதான் நான் அடித்த முதல் கடிதம். ஒவ்வோர் எழுத்தையும் தேடித் தேடி, ஒற்றை விரலால் அடித்தேன். 'தம்பி, நான் அவளுடைய அப்பா. உயிரோடுதான் இருக்கிறேன். அவள் எழுதாததற்குக் காரணம் நான். உன்னைத் தப்பாக நினைத்துவிட்டேன். என்னை மன்னித்துவிடு.' என்னைவிடச் சின்னவன் ஒருவனிடம் அதற்கு முன் நான் மன்னிப்புக் கேட்டதே கிடையாது. பின்னால் நின்று ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக்கொண்டிருந்த மகள் என் தோளில் கையை வைத்தாள். எதை அழுத்தினால் இது போகும் என்று அவளைக் கேட்டேன். அவள் காட்டினாள்.